ஊசி போட்டாயிற்று, மாஸ்க்கை எப்போது கழற்றுவது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில் (மார்ச் 2022)

2022 மார்ச் 22 அன்று தென்னாப்பிரிக்காவில் கொரோனா விதிகளை மாற்றி அறிவித்தார்கள். திறந்த வெளியில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள். கடை, அலுவலகம், கோயில் மண்டபம், டாக்சி என்று கூரை உள்ள பொது இடங்களில் வேண்டும் என்று இருந்தது. ஆளுக்கு ஆள் விடவேண்டிய இடைவெளி ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைந்தது. இந்த அறிவிப்புக்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: "நான்தான் ஊசி போட்டுவிட்டேனே!" ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: எனக்கு 63 வயது. போன வருஷம் மே மாதமே பெயர் பதிந்து ஃபைசர் ஊசி இரண்டும் போட்டேன். இந்த பிப்ரவரியில் மூன்றாவதாக பூஸ்டரும் போட்டாயிற்று. இன்னமும் கடைக்குள் மூக்கை மூடிக்கொண்டு போகவேண்டும் என்றால் ஊசி எதற்கு, டாக்டர்? (சாட்ஸ்வர்த்)

ப: ஊசி காக்கிற இடம் வேறு, மாஸ்க் காக்கிற இடம் வேறு அம்மா. கையில் போடுகிற ஊசி இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) பெருக்குகிறது. இரத்தம் நன்றாகப் பாயும் நுரையீரலுக்கு அவை தாராளமாகப் போய்ச் சேரும். ஆனால் வைரஸ் முதலில் வந்து இறங்குவது மூக்கின் உள்தோலில். அங்கே எட்டுகிற எதிர்ப்புரதம் கொஞ்சம்தான். அதுவும் சில மாதங்களில் வற்றிப்போகிறது. ஆகவே வைரஸ் மூக்கில் நாலைந்து நாள் பெருகும். அதற்குள் ஊசி காட்டிக்கொடுத்த கிருமியை மறக்காமல் வைத்திருக்கும் உடம்பின் நினைவணுக்கள் விழித்துக்கொண்டு அதை நுரையீரலுக்கு இறங்கவிடாமல் மடக்கிவிடும். உங்களுக்கு அது வெறும் தொண்டைக் கரகரப்பாகப் போய்விடலாம். ஆனால் அந்த நாலைந்து நாளும் உங்கள் மூச்சில் வைரஸ் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். ஊசி போடாத உங்கள் அண்ணனோ, ஊசி போட்டும் உடம்பு அதைச் சரியாக ஏற்காத பக்கத்து வீட்டுக்காரரோ அந்தக் காற்றை இழுத்தால் அவர்களுக்கும் கரகரப்போடு போய்விடும் என்று சொல்வதற்கில்லை.

நம் நாட்டுக் கணக்கே இதைக் காட்டுகிறது. 2021 டிசம்பர் 14 அன்று டிஸ்கவரி ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஃபைசர் ஊசி இரண்டு போட்டவர்களின் விவரத்தை வெளியிட்டன. முந்தைய அலைகளில் தொற்றே வராமல் காத்தது 80 சதவீதம். ஒமைக்ரான் என்ற புதிய வகை வைரஸ் வந்ததும் அது 33 ஆக இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போகாமல் காத்தது 93 சதவீதத்திலிருந்து 70-க்கு மட்டும் இறங்கியது. முதல் எண் சரிந்துவிட்டது, இரண்டாவது எண் ஓரளவு நிற்கிறது. அந்த முதல் எண்ணின் ஓட்டையைத்தான் மாஸ்க்கால் அடைக்கிறோம். மூன்றாவது ஊசி இரண்டு எண்களையும் மறுபடி தூக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் தொற்றுக்கு எதிரான பங்கு சில மாதங்களில் திரும்பவும் இறங்கத் தொடங்கும். நீங்கள் பிப்ரவரியில் போட்டீர்கள், நம் குளிர்காலம் ஜூனில் வருகிறது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இதே இடத்தில் ஒருமுறை வழுக்கியது. 2021 மே 13 அன்று, முழு ஊசி போட்டவர்கள் பெரும்பாலான இடங்களில் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று சொன்னார்கள். ஜூலையில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராவின்ஸ்டவுன் கடற்கரை ஊரில் விடுமுறைக் கூட்டம் கூடியது. அங்கே கணக்கெடுத்த 469 தொற்றுகளில் 346 பேர் முழு ஊசி போட்டவர்கள். ஊசி போட்டவர், போடாதவர் இரு தரப்பின் மூக்கிலும் வைரஸ் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஜூலை 27 அன்று, பரவல் அதிகமுள்ள ஊர்களில் உட்புறங்களில் மறுபடி மாஸ்க் போடுங்கள் என்றார்கள். அந்த 469 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்.

ஆகவே உங்களுக்கு என் பதில் இது. ஊசி அட்டையைப் பார்த்து மாஸ்க்கை முடிவு செய்யாதீர்கள், அறையைப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, கூட்டம் எவ்வளவு, எத்தனை நேரம் இருக்கப்போகிறீர்கள், அங்கே சத்தமாகப் பேச்சோ பாட்டோ உண்டா? கடையில் பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே வருவது ஒன்று. மாத மருந்துக்காக கிளினிக்கில் மூன்று மணி நேரம் இருமுகிறவர்கள் நடுவே உட்கார்ந்திருப்பது வேறு. 2022 மார்ச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் போடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நல்ல மாஸ்க்கைத் தேடி எடுத்துப் போடவேண்டியது கிளினிக்குக்கு.

கே: எனக்குத் தெரிந்து கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்தான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (ஃபீனிக்ஸ்)

ப: பெரும்பாலோர் ஊசி போட்டிருக்கும் கூட்டத்தில் அப்படித்தான் வரும் தம்பி. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்கள் சங்கத்தில் 200 பேர், 180 பேர் ஊசி போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் பாதிப்பேருக்கு வந்தால் 10. போட்டவர்களுக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று வைத்தால் 180-ல் 60 பேருக்கு வரும். ஆக 70 நோயாளிகள், அதில் 60 பேர் ஊசி போட்டவர்கள். "பார்த்தீர்களா, ஏழில் ஆறு பேர் ஊசி போட்டவர்கள்!" என்று வாட்ஸாப்பில் செய்தி ஓடும். ஆனால் போடாதவரில் இரண்டில் ஒருவருக்கு வந்தது, போட்டவரில் மூன்றில் ஒருவருக்குத்தான் வந்தது. கீழே எதால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் மேலே உள்ள எண்ணை மட்டும் படித்தால் எந்த மருந்தும் தோற்றதாகத்தான் தெரியும்.

கே: துணி மாஸ்க், நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க், என்95, கேஎன்95 என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? கழுவிப் போடலாமா? கண்ணாடி போடுகிறவள் நான், பனி மூடினாற்போல் ஆகிவிடுகிறது. (டொங்காட்)

ப: கண்ணாடியில் படியும் ஆவிதான் இந்தக் கேள்விக்குப் பாதி விடை. நீங்கள் விடும் மூச்சு துணி வழியாகப் போகாமல் மூக்கின் இரண்டு பக்கமும் உள்ள சந்து வழியாக மேலே ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. போகிற வழியிலேயே வரவும் வரும். மாஸ்க் எவ்வளவு உயர்ந்த துணியாக இருந்தாலும் விளிம்பில் சந்து இருந்தால் காற்று சந்தைத்தான் தேடிப் போகும். வாங்கும்போது துணியைவிடப் பொருத்தத்துக்குக் காசு கொடுங்கள்.

என்95, கேஎன்95, எஃப்எஃப்பி2 மூன்றும் ஏறக்குறைய ஒரே தரம். வடிகட்டுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுத் துகளில் 94, 95 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும் என்பது விதி. "வைரஸ் 0.1 மைக்ரான்தானே, நுழைந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, எச்சில் துளியிலும் சளித் துளியிலும் ஏறித்தான் வரும். தவிர, இந்த மாஸ்க் சல்லடை மாதிரி ஓட்டையின் அளவால் மட்டும் பிடிப்பதல்ல. நடு அடுக்கில் உள்ள பாலிப்ராப்பிலீன் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல அது துகளை இழுத்துக்கொள்ளும். மிகச் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் தள்ளாடிப் போவதால் அவை இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

இதனால்தான் கழுவக்கூடாது. சோப்புத் தண்ணீரும் ஆல்கஹாலும் அந்த மின்னூட்டத்தைக் கொன்றுவிடும். மாஸ்க்கின் மேலேயே சானிட்டைசரைத் தெளித்து "சுத்தம்" செய்கிறவர்கள் பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும் ஒரு வெறும் காகிதத்தைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஐந்து மாஸ்க் வாங்கி ஐந்து காகிதப் பைகளில் திங்கள், செவ்வாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்று போட்டதை அதன் பையில் போட்டு வாயைத் திறந்தே விட்டால் அடுத்த வாரம் அந்தக் கிழமை வருவதற்குள் உலர்ந்திருக்கும், ஒட்டியிருந்த வைரஸும் செத்திருக்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கும். நாடா தளர்ந்தாலோ, மூக்குக் கம்பி பிடிக்காமல் எழும்பினாலோ, நனைந்தாலோ, மஞ்சளும் சாந்தும் பட்டாலோ அதோடு அதற்கு விடை கொடுங்கள்.

நம் நாட்டில் விற்கும் சுவாசக் கவசத்துக்கு என்.ஆர்.சி.எஸ் எனப்படும் கட்டாயத் தர ஒழுங்கு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் எண்ணையும் சான்ஸ் 50149 அல்லது இஎன் 149 என்ற தர எண்ணையும் பெட்டியிலோ மாஸ்க்கின் மேலேயோ தேடுங்கள். ஒன்றும் அச்சிடாமல் வெறும் வெள்ளையாக, காது நாடா மட்டும் உள்ள மாஸ்க்கை "என்95" என்று விற்றால் நம்பாதீர்கள். அசல் என்95-க்குத் தலையைச் சுற்றி இரண்டு பட்டைகள் இருக்கும். நடுவில் பிளாஸ்டிக் வால்வு வைத்ததையும் தவிர்க்கவும். உள்ளே வரும் காற்றை அது வடிகட்டும், நீங்கள் விடும் மூச்சை அப்படியே வெளியே விட்டுவிடும்.

போட்டபின் சோதனை: இரண்டு உள்ளங்கையையும் விளிம்பைச் சுற்றிக் குவித்துப் பிடித்து ஊதுங்கள். கன்னத்திலோ கண்ணுக்குக் கீழேயோ காற்று பட்டால் பொருந்தவில்லை. மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்ளே ஒடுங்கினால் சரி. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள், நடுவில் கூராக மடிந்து இரண்டு பக்கமும் சந்து விடும். இரண்டு கை விரல் நுனிகளால் நடுவிலிருந்து கன்னம் வரை தடவி அழுத்துங்கள். கண்ணாடியை அதன் மேல் உட்காரவையுங்கள், ஆவி நின்றுவிடும். தாடி வைத்த ஐயாமார்களுக்கு எந்த என்95-உம் முழுமையாக ஒட்டாது. தாடியை எடுக்கச் சொல்லவில்லை, அவர்கள் ஜன்னல் பக்கமாக உட்காரட்டும்.

என்95 வாங்கக் கட்டுப்படியாகவில்லையா? சர்ஜிக்கல் மாஸ்க்கையே இறுக்கலாம். நீளவாக்கில் பாதியாக மடியுங்கள், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சேரட்டும். ஒவ்வொரு காது நாடாவையும் மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டியே ஒரு முடிச்சுப் போடுங்கள். விரித்தால் ஓரத்தில் வாய் பிளந்தாற்போல ஒரு மடிப்பு நிற்கும், அதை உள்பக்கமாகச் சொருகிவிடுங்கள். இதற்குப் பத்து வினாடி ஆகாது. அமெரிக்க மையம் இருமல் பொம்மையை வைத்துச் செய்த சோதனையில், முடிச்சுப் போடாத சர்ஜிக்கல் மாஸ்க் துகளில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடித்தது. முடிச்சுப் போட்டுச் சொருகியபோது முக்கால் பங்கைத் தாண்டியது. சர்ஜிக்கல் மாஸ்க்கின் மேலே ஒரு துணி மாஸ்க்கைப் போட்டு அழுத்தினாலும் இதைப்போலப் பலன் உண்டு. இரண்டு சர்ஜிக்கல் மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதில் பயனில்லை, சந்து சந்தாகவே இருக்கும். வெறும் துணி மாஸ்க் என்றால் மூன்று அடுக்கு வேண்டும். அதை மட்டும் தினமும் சோப்புப் போட்டுத் துவைக்கலாம், துவைக்கவும் வேண்டும்.

கே: ஈஸ்டரில் மாரியம்மன் திருவிழா, அதை ஒட்டியே சித்ரா பௌர்ணமிக் காவடி. இரண்டு வருஷம் கழித்து ஊர் கூடப்போகிறது. கோயில் கமிட்டியில் பாதிப்பேர், எல்லோரும் ஊசி போட்டவர்கள்தான், கெடுபிடி வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் என்ன ஏற்பாடு செய்யவேண்டும்? (வெருலம்)

ப: இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஈஸ்டரில்தான் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது, அதனால் மாரியம்மனும் பெரிய வெள்ளியன்று எழுந்தருளத் தொடங்கினாள் என்பது நம் நடால் பகுதியின் வழக்கு. இந்த 2022-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 15, சித்ரா பௌர்ணமி மறுநாள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி "உள்ளே வராதே" என்று ஊருக்குச் சொன்ன அதே அம்மனின் கோயிலில் இந்தக் கேள்வி எழுவது பொருத்தம்தான்.

முதலில் 2022 மார்ச் சட்டம். ஊசிச் சான்றோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் பரிசோதனையோ வாசலில் பார்த்தால் இடத்தின் கொள்ளளவில் பாதிப்பேர் வரை அனுமதிக்கலாம் என்று இருந்தது. பார்க்கப்போவதில்லை என்றால் உள்ளே 1,000, வெளியே 2,000, அதுவும் பாதிக் கொள்ளளவைத் தாண்டாமல் என்று இருந்தது. கமிட்டி இதை இப்போதே முடிவு செய்து நோட்டீசில் அச்சடித்துவிடவேண்டும். வாசலில் நின்று வாதாடுவது வேலைக்கு ஆகாது.

திறந்த வெளி ஊர்வலத்துக்கும் தீமிதிக்கும் மாஸ்க்கைக் கட்டாயப்படுத்தவேண்டாம். காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்தியவர் எப்படியும் மாஸ்க் போடமுடியாது, குத்தும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் கிட்டே நிற்கிற இரண்டு மூன்று பேர் போட்டால் போதும். திருநீறு வைத்து அலகை உருவுகிறவர் அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறார், அவருக்கு நல்ல என்95-ஆகக் கொடுங்கள்.

கவனம் முழுவதும் மூன்று இடங்களுக்குப் போகட்டும்: கருவறை முன்மண்டபம், பஜனைக் கூடம், சாப்பாட்டுப் பந்தி. பஜனையை எடுத்துக்கொள்வோம். அமைதியாக மூச்சு விடுவதைவிடப் பேசினால் அதிகத் துகள் வெளியேறும், உரக்கப் பாடினால் அதைவிடப் பல மடங்கு. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். சளி அறிகுறியோடு வந்தவர் ஒருவர். அவரையும் சேர்த்து நோய் கண்டவர்கள் 53, இறந்தவர்கள் 2. அது ஊசிக்கு முந்தைய காலம். இன்று அதே அறையில் சாவு குறையும், தொற்று அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே தேவாரமும் திருப்புகழும் வெளிப்பந்தலில் நடக்கட்டும். நாதஸ்வரம் வாசிப்பவருக்கு மாஸ்க் கிடையாது, அவர் ஊதுகிற காற்று கூட்டத்தின் மேல் படாதபடி வாசல் பக்கமாக, காற்று வெளியே போகும் திசையில் நிற்கவையுங்கள். தவில்காரர் போடலாம்.

மண்டபத்தில் காற்று போதுமா என்று கண்ணால் சொல்லமுடியாது. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கைக்கருவி ஒன்று வாங்கியோ இரவல் பெற்றோ தூணில் மாட்டுங்கள், நெஞ்சு உயரத்தில், யார் மூச்சும் நேரே படாத இடத்தில். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவு காட்டும். 800-க்குக் கீழே இருந்தால் நல்லது. 1,200 காட்டினால், நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பிபிஎம் இருப்பதால், அங்கே நீங்கள் இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒன்று அடுத்தவர் விட்டது என்று கணக்கு. அப்போது பாதிக் கூட்டத்தை வெளியே அனுப்பவேண்டும், அல்லது எதிரெதிர்க் கதவுகளைத் திறக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வந்த வழியே நிற்கும். கற்பூரமும் சாம்பிராணியும் எரிந்தால் அதுவும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிக் காட்டும், ஆரத்தி முடிந்து கால் மணி நேரம் கழித்துப் பார்த்த எண்ணை நம்புங்கள். புகையடித்தால் கிருமி சாகும் என்று நினைத்து ஜன்னலைச் சாத்துகிறவர்கள் செய்வது நேர் எதிரான காரியம்.

காற்றாடியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் நம்பி ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் மண்டபங்கள் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கரண்ட் போன நிமிஷத்திலிருந்து அந்த மண்டபம் மூடிய டப்பா. அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பூஜையை வெளிமுற்றத்துக்கு மாற்றும் திட்டம் முன்கூட்டியே இருக்கட்டும்.

பந்தியில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள், வேறு வழியில்லை. ஆகவே பந்தியைக் கூரையின் கீழ் போடாதீர்கள். கட்டாயம் உள்ளேதான் என்றால் எதிரெதிராக உட்காரவைக்காமல் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசை போடுங்கள். பரிமாறுகிறவர்கள் நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முகங்களின் மேல் குனிகிறார்கள், அவர்கள் மாஸ்க்கை மதியம் ஒருமுறை மாற்றவேண்டும், வியர்வையில் நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது கஷ்டமாகி மூக்குக்குக் கீழே இறங்கிவிடும். பார்சலாகக் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒன்று விட்டுப்போகக்கூடாது. சானிட்டைசரில் 70 சதவீதம் ஆல்கஹால். கையில் ஈரம் இருக்கும்போதே ஆரத்தித் தட்டை ஒற்றிக்கொள்ளப் போனால் விரலில் தீப்பிடிக்கும், அந்தச் சுடர் பகலில் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பாட்டிலை வாசலில் வையுங்கள், கருவறைக்குப் பக்கத்தில் வேண்டாம். கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் நெருப்பின் கிட்டே போகவேண்டும். கோயிலுக்கு சோப்பும் குழாயும்தான் பொருத்தம். மாஸ்க்கும் பிளாஸ்டிக் இழைதான், தட்டின் மேல் குனியாதீர்கள்.

கே: தினமும் இசிப்பிங்கோவிலிருந்து டர்பன் டவுனுக்கு மினிபஸ் டாக்சியில் போகிறேன். பதினைந்து பேர், சீட்டுக்குச் சீட்டு ஒட்டி. டிரைவர் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருக்கிறார். (இசிப்பிங்கோ)

ப: இதுவரை சொன்ன மூடிய இடங்களிலேயே மோசமானது இதுதான், ஆனால் சரிசெய்ய எளிதானதும் இதுதான். ஜன்னல் நாலு விரல் திறந்திருந்தாலே ஓடும் வண்டிக்குள் காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிவிடும். முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று, இரண்டும் திறக்கவேண்டும். மழையானாலும் ஒரு விரல். டிரைவரோடு மாஸ்க்குக்காகச் சண்டை போடுவதைவிட "அண்ணா, ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க" என்று கேட்பது சீக்கிரம் நடக்கும். நீங்கள் மட்டும் என்95 போட்டாலும் உங்களுக்குப் பெரிய பலன் உண்டு. மற்றவர் போடாவிட்டால் நம் மாஸ்க் வீண் என்பது துணி மாஸ்க் காலத்துப் பேச்சு. காசு வாங்கிச் சில்லறை கொடுப்பதில் பயம் வேண்டாம், இந்த நோய் நோட்டில் ஒட்டி வருவது மிகக் குறைவு.

கே: அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து நாலு வருஷம். சர்க்கரையும் உண்டு. ஊசி மூன்றும் போட்டோம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடவேண்டுமா? (லெனேஷியா)

ப: மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அம்மா சாப்பிடும் மாத்திரைகளே ஊசிக்கு வரவேண்டிய எதிர்ப்பையும் அடக்கிவைக்கின்றன. மூன்று ஊசி போட்டும் இவர்களில் பலருக்கு எதிர்ப்புரதம் போதிய அளவு வருவதில்லை. அவர்களுக்கு மூன்றாவது ஊசி பூஸ்டர் அல்ல, முதல் தவணையின் பகுதி. அதற்கு மேல் பூஸ்டர் எப்போது என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில் மாஸ்க் யாராலும் முடியாது, கேட்கவும் மாட்டேன். பிள்ளைகள் யாருக்காவது மூக்கு ஒழுகினால், தொண்டை வலித்தால், வகுப்பில் யாருக்காவது வந்ததாகத் தெரிந்தால் அன்றிலிருந்து ஏழு நாள் அந்தப் பிள்ளையும் அம்மாவும் ஒரே அறையில் இருக்கும்போது இருவருக்கும் மாஸ்க், ஜன்னல் திறப்பு, சாப்பாடு தனித்தனி நேரம். அறிகுறி வந்தவர் ஏழு நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்பது 2022 ஜனவரி 31 அன்று அறிவித்த அரசு விதி. அறிகுறி இல்லாவிட்டால் பாசிட்டிவ் ஆனாலும் தனிமை வேண்டாம் என்று அதே விதி சொன்னது. அந்த இரண்டாவது பகுதி ஊருக்குச் சரியாக இருக்கலாம், உங்கள் வீட்டுக்குச் சரியல்ல. பாசிட்டிவ் ஆனவர் அம்மாவிடமிருந்து விலகியே இருக்கட்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களை வராந்தாவில் உட்காரவைத்து டீ கொடுங்கள். "நாங்கள் ஊசி போட்டவர்கள்" என்று அவர்கள் கோபித்தால் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைக் காட்டுங்கள்.

கே: மாஸ்க் போட்டால் ஆக்சிஜன் குறையும் என்கிறார்களே? எனக்கு ஆஸ்துமா. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: குறையாது. ஆக்சிஜன் மூலக்கூறு மாஸ்க்கின் இழை இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் மாஸ்க்கோடு பத்து நிமிஷம் நடந்துவிட்டுப் பாருங்கள். மூச்சு முட்டுவதுபோலத் தோன்றுவது வெப்பத்தாலும் ஈரத்தாலும். அப்போது வெளியே போய்க் கழற்றி, புது மாஸ்க் மாற்றுங்கள். இன்ஹேலரை மாஸ்க் போடுவதற்கு முன் இழுத்துக்கொள்ளுங்கள். இழுப்பு வந்திருக்கும்போது மாஸ்க் வேண்டாம், மருந்தும் வெளிக்காற்றும்தான் வேண்டும்.

கே: ஜனவரியில் கொரோனா வந்துபோனது, ஜான்சன் ஊசியும் ஒன்று போட்டிருக்கிறேன். லேபில் ஆன்டிபாடி பார்த்தேன், எண் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. (மெரிபேங்க்)

ப: அந்தக் காசுக்கு ஒரு பெட்டி என்95 வாங்கியிருக்கலாம். எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தொற்று வராது என்ற எல்லைக்கோடு யாரிடமும் இல்லை. ஜான்சன் ஒற்றை ஊசி போட்டு இரண்டு மாதம் ஆனவர்கள் இரண்டாவதாக ஜான்சனோ ஃபைசரோ போடலாம் என்று 2022 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. கொரோனா வந்து ஒரு மாதம் தாண்டிவிட்டதால் உங்களுக்குத் தடையில்லை.

கே: சாவு வீட்டில் என்ன செய்வது? கட்டிப்பிடித்து அழாமல் இருக்கமுடியவில்லை. (கிளேர் எஸ்டேட்)

ப: இறுதிச் சடங்குக்கு 200 பேர் வரலாம், இரவு விழிப்பும் சடங்குக்குப் பிந்தைய கூட்டமும் கூடாது என்பது 2022 மார்ச் விதி. கட்டிப்பிடிக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாஸ்க்கோடு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, சில வினாடி பிடித்துவிட்டு விலகினால் அதில் ஆபத்து சொற்பம். ஆபத்து அதற்குப் பிறகு. உடலைச் சுற்றி மூடிய ஹாலில் ஒரு மணி நேரம் ஒப்பாரியும் பாட்டும், பிறகு ஒரே மேசையில் சாப்பாடு. வீட்டிலிருந்து கிளம்பும் வரை உடலை முற்றத்தில் வையுங்கள், ஒரு கூடாரம் போட்டால் மழையையும் பார்த்துக்கொள்ளலாம், நாலு பக்கமும் படுதாவைக் கட்டி இறக்காதவரை அது திறந்த வெளிதான். துக்கம் கேட்க வரும் வயதானவர்களுக்கு வாசல் பக்க நாற்காலிகள். கொள்ளி வைப்பவருக்கும் உடன் நிற்கும் சகோதரர்களுக்கும் அன்று ஊரே வந்து முகத்துக்கு முகம் பேசும், அவர்கள் ஆளுக்கு இரண்டு மாஸ்க் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அழுத கண்ணீரில் முதலாவது அரை மணியில் நனைந்துவிடும்.